சிகரம் ரெடி... நீங்க ரெடியா?

செமஸ்டர் ஓவர். ஹாஸ்டல் மெஸ் சாம்பார்கிட்ட இருந்து பத்து நாள் விடுதலை. நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா அடுத்த டயலாக் இதுதான்: ‘மச்சி, இந்த வாட்டி ஊட்டி வேணாம்டா. போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், வர்க்கி பாக்கெட், ரிட்டர்ன் பஸ்... போரடிக்குது. ட்ரெக்கிங் போலாம்!’

ஐடியா சூப்பர். ஆனா அவசரப்பட்டு ஊட்டியை ‘கட்’ பண்ணிடாதீங்க பாஸ். சிகரம், ஏரி, மலைக்குடில்... மூணும் ஒரே மலைவெளியில கிடைக்கிற இடம் அந்த ஊட்டிக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கு. பஸ் ஸ்டாண்டுல இருந்து மேற்கே ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம். அவலாஞ்சி, பார்சன்ஸ் வேலி, அப்பர் பவானி, முக்கூர்த்தி. பேரைக் கேட்டிருப்பீங்க. கால் வெச்சவங்க கம்மி.

முதல்ல சிகரம். நீலகிரியில உசரமானது எதுன்னு கேட்டா எல்.கே.ஜி. பையன்கூட தொட்டபெட்டான்னு சொல்வான். 2637 மீட்டர். ஆனா அது கார்லயே போய் இறங்கற சிகரம். மேல டெலஸ்கோப் இருக்கு, மிளகாய் பஜ்ஜி இருக்கு, செல்ஃபி எடுக்க க்யூ இருக்கு. அவலாஞ்சி பக்கம் இருக்கிற கோலரிபெட்டா சுமார் 2630 மீட்டர். வித்தியாசம் ரெண்டு மாடி உசரம்தான்! ஆனா அங்க ரோடும் கிடையாது, பஜ்ஜியும் கிடையாது. உங்க கால்தான் வண்டி.

கோலரிபெட்டா ஏறும்போது முதல்ல சோலைக்காடு வரும். குட்டை குட்டையா, முறுக்கிக்கிட்டு நிக்கற மரங்கள். அதோட உடம்பெல்லாம் பாசி. பகல்லயே உள்ள அரை இருட்டு. பத்தடி தாண்டி வெளிய வந்தா பளிச்சுனு புல்வெளி. மறுபடி ஒரு பள்ளம், அதுல ஒரு சோலை. மறுபடி புல்வெளி. ‘யாரோ காட்டை வெட்டிட்டாங்கடா’ன்னு தோணும். இல்லை. இந்த மலையோட இயல்பே அதுதான். பள்ளத்துல மரம், மேட்டுல புல். மழைத் தண்ணியை இந்தப் புல்லும் சோலையும் பஞ்சு மாதிரி உறிஞ்சு வெச்சு, வெயில் காலத்துல சொட்டுச் சொட்டா விடுது. வெள்ளைக்காரன் காலத்துல பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் (உள்ளூர்ல சீகை மரம்னு சொல்றாங்க) இந்தப் புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிக்கிட்டு வருது. பச்சையா இருந்தா எல்லாம் காடுதானேன்னு நினைக்கறவங்களுக்கு இந்த ஒரு நடை போதும். சோலைக்குள்ளயும் நடந்து பாருங்க, சீகைத் தோப்புக்குள்ளயும் நடந்து பாருங்க. காதே வித்தியாசத்தைச் சொல்லும்.

அதிர்ஷ்டம் இருந்தா பாறை விளிம்புல ஒரு ஆள் நின்னு உங்களையே முறைப்பார். வரையாடு. நம்ம மாநில விலங்கு. சங்கப் பாட்டுல ‘வருடை’ன்னு வர்றது இவர்தான். நாம கையும் காலும் நடுங்கத் தவழற பாறையில இவர் கேஷுவலா வாக்கிங் போவார். தமிழ்நாடு முழுக்க ஒரே சமயத்துல எண்ணிப் பார்த்ததுல 2024-ல் 1031, 2025-ல் 1303 வரையாடுகள் இருந்ததா கணக்கு. ஒரு பெரிய இன்ஜினீயரிங் காலேஜோட ஸ்டூடன்ட்ஸ் எண்ணிக்கைகூட இதைவிட ஜாஸ்தி.

ஏரின்னா நம்பிட்டீங்களா?

மேல இருந்து பார்த்தா மலை மடிப்புகளுக்கு நடுவுல நீலமா, கை கையா விரிஞ்சு கிடக்கும் தண்ணி. ‘வாவ், நேச்சுரல் லேக்!’னு ஸ்டேட்டஸ் போடத் தோணும். ஸாரி! அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, முக்கூர்த்தி... எல்லாமே அணை. மின்சாரத்துக்காக மனுஷன் கட்டினது. பைக்காரா மின்நிலையம் 1930-களோட சமாச்சாரம். குந்தா மின்திட்டம் சுதந்திரத்துக்கு அப்புறம், கனடா நாட்டு உதவியோட வந்தது. அவ்வளவு ஏன், ஊட்டி டவுன் ஏரியே 1820-கள்ல கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டினதுதான்.

அதனால அழகு குறைஞ்சுடாது. ஆனா தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சா பார்க்கிற பார்வை மாறும். அப்பர் பவானி தண்ணி அவலாஞ்சி - எமரால்டு வழியா குந்தா மின்நிலையங்களைச் சுத்த வெச்சு, மெல்ல மெல்ல இறங்கி பில்லூருக்கு வருது. கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டல்ல குழாயைத் திறக்கறீங்களே... அதுல பில்லூர் தண்ணியும் இருக்கு. மிச்சம் பவானிசாகர் போய் ஈரோடு வயலுக்குப் பாயுது. பார்சன்ஸ் வேலி தண்ணிதான் ஊட்டிக்கே முக்கியமான குடிதண்ணி. அந்தக் கரையில உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைக் காத்துல விடற புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குடிலும் ஒரு மீன் கதையும்

ஆல்ப்ஸ் மலையில ஏறினா சில மணி நேரத்துக்கு ஒரு குடில் இருக்கும். சூடா சூப் கொடுப்பாங்க, அடுக்குக் கட்டில்ல படுக்க இடம் கொடுப்பாங்க. நம்ம முக்கூர்த்தி குடிலையும் அப்படிக் கற்பனை பண்ணிட்டுப் போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. இதோட பூர்வீகமே வேற. பேரே ‘ஃபிஷிங் ஹட்’!

இங்கிலாந்துல இருந்து வந்த துரைமார்களுக்கு ஊட்டிக் குளிரைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. ஊர் ஞாபகம் வந்தா ட்ரவுட் மீன் ஞாபகமும் வரணுமே! எச்.சி.வில்சன்னு ஒரு மீன் நிபுணர் மெனக்கெட்டு ட்ரவுட்டை இங்க வளர்த்துக் காட்டினார். 1907-ல் அவலாஞ்சியில பொரிப்பகம் வந்துச்சு. ஓடையில மீனை விட்டாச்சு. அடுத்து, தூண்டிலோட நாள் கணக்கா உட்கார்றதுக்கு மேல ஒரு கூரை வேணும். அப்படிப் பொறந்ததுதான் இந்தக் குடில்கள். துரைமார் போயிட்டாங்க, ட்ரவுட் இன்னும் நீந்துது. குடில்கள் இப்ப வனத்துறை கையில.

பார்சன்ஸ் வேலியில இருந்து முக்கூர்த்தி குடிலுக்குப் போற வழியில நடக்கும்போது தூரத்துல முக்கூர்த்தி சிகரம் தலையைக் காட்டும். 2554 மீட்டர். இந்தப் பக்கம் சாதுவா புல்வெளி. அந்தப் பக்கம், கத்தியால வெட்டின மாதிரி நேரா கேரளத்துக்குள்ள இறங்குது. பக்கத்து வீடு சைலன்ட் வேலி. தோடர்களுக்கு இது வெறும் சிகரம் இல்லை. இறந்த மனுஷ உயிரும் எருமை உயிரும் இந்த விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த உலகத்துக்குப் போகுதுங்கறது அவங்க நம்பிக்கை. அந்த விளிம்புல ஏறி நின்னு ‘டைட்டானிக்’ போஸ் கொடுக்கணும்னு தோணிச்சுன்னா, வேற ஒருத்தரோட கோயில்ல நிக்கறோம்னு நினைச்சுக்கோங்க.

இந்தப் பகுதி முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு. அதனால ராத்திரி டென்ட், கேம்ப் ஃபயர், கிடார் கனவையெல்லாம் மூட்டை கட்டிடுங்க. காலையில போய் சாயங்காலத்துக்குள்ள இறங்கற வழிதான் உண்டு. பக்கத்துல ஒரு கைடு இருப்பார். அனுமதிச் சீட்டு இருக்கணும். சொன்ன வழியிலதான் போகணும்.

‘என்ன பாஸ், மலை ஏறப் போறோமா, எக்ஸாம் ஹாலுக்குப் போறோமா? எதுக்கு இவ்ளோ கெடுபிடி?’

நியாயமான கேள்வி. பதில் நீலகிரியில இல்லை. தெற்கே, தேனி மாவட்டத்துல இருக்கு.

2018 மார்ச் 11

அன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கிற குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்தவர்கள். பலரும் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்திருந்தவர்கள். உங்க சூப்பர் சீனியர் வயசுதான் இருக்கும். முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறித் தங்கிவிட்டு, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது.

முதலில் ஓடிப்போய் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்கள் உள்ளூர் ஜனங்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அங்கேயே சிலர், ஆஸ்பத்திரிகளில் நாள்கணக்கில் போராடிப் பலர்... மொத்தம் 23 உயிர்கள்.

‘இதுகளுக்கு எதுக்கு இந்த வேலை? அதுவும் பொண்ணுங்க!’ என்று அப்போது டீக்கடையில் பேசினவர்கள் உண்டு. கேட்கவே கசந்தது. மலை ஏற ஆசைப்பட்டது குற்றம் இல்லை. வீட்டில் பர்மிஷன் வாங்கி, காசு சேர்த்து, ஷூ வாங்கி, குழுவாகத்தான் போனார்கள். அந்த மாசத்தில் அந்தப் புல் எப்படி இருக்கும், தீ வந்தால் எந்தப் பக்கம் போகணும், எந்த வழிக்கு அனுமதி இருக்கு என்று சொல்ல வேண்டிய ஏற்பாடுதான் இல்லாமல் போனது. அனுமதி குரங்கணி - டாப் ஸ்டேஷன் வழிக்குத்தான் கொடுக்கப்பட்டது, கொழுக்குமலைக்கு இல்லை என்று பிற்பாடு வனத்துறை சொன்னது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அதே வருஷம் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

தீ எப்படி ஓடும்னு தெரிஞ்சுக்கறது பயமுறுத்தறதுக்கு இல்லை. ட்ரெக்கிங் போற ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய அரிச்சுவடி அது. சமதரையில எரியற தீ வேற, சரிவுல எரியற தீ வேற. சரிவுல சுவாலை மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கி, காய வெச்சு, தயாரா வெச்சுடும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. அதுவே மலைக்கு நடுவுல இருக்கிற குறுகலான ஓடைப் பள்ளமா இருந்தா, புகைபோக்கி மாதிரி உறிஞ்சி மேல தள்ளும். ஆபத்துன்னா மேல ஏறி ஓடறதும் பள்ளத்துல பதுங்கறதும் மனுஷ இயல்பு. காட்டுத்தீயில ரெண்டுமே தப்பு. புல் இல்லாத பாறை, இல்லேன்னா ஏற்கனவே எரிஞ்சு கருகி முடிஞ்ச தரை, இதுதான் ஓரளவு பாதுகாப்பு. பக்கவாட்டுலயோ கீழ்நோக்கியோ விலகணும். இன்னொண்ணு, நாம ஸ்டைலா போட்டுக்கற பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் டைட்ஸும் சூட்டுல உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்தி, கம்பளி அப்படி ஒட்டாது.

இதுல எதை எந்த நிமிஷத்துல செய்யணும்னு முடிவெடுக்க அந்த மலையிலேயே வளர்ந்த ஒரு ஆள் வேணும். எந்தப் பாறை எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். கூகுள் மேப்புக்குத் தெரியாது.

காலண்டரைப் பாருங்க பாஸ்!

நம்ம ஆளுங்க ட்ரெக்கிங் பிளான் போடறது காலேஜ் லீவைப் பார்த்து. மலை அந்த காலண்டரைப் பார்க்கறதில்லை.

டிசம்பர், ஜனவரியில அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும். காலையில புல்வெளி உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா இருக்கும். போட்டோவுக்கு சூப்பர். ஆனா அதே பனிதான் புல்லைக் கருக வைக்குது. பிப்ரவரி பொறந்தா அந்தப் புல் முழுக்க வெறும் சருகு. ஒரு பீடித் துண்டு போதும். அதனாலதான் பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் தீ சீசன். 2025-ல் மாநிலம் முழுக்க மலையேற்ற வழிகளை பிப்ரவரி நடுவுல மூடி, ஏப்ரல்லதான் திறந்தாங்க. ‘கல்ச்சுரல்ஸ் முடிஞ்சதும் மார்ச்ல போலாம்டா’ன்னு பிளான் போட்டு வெச்சிருந்தா இப்பவே அழிச்சிடுங்க.

ஜூன் வந்தா தென்மேற்குப் பருவமழை. சாதாரண மழை இல்லை. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில 24 மணி நேரத்துல பதிவான மழை 82 சென்டிமீட்டர்! சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்யறது சுமார் 140 செ.மீ. அதுல பாதிக்கு மேல ஒரே நாள்ல. அந்த ஊருக்கு ‘அவலாஞ்சி’ன்னு பேர் வந்ததே இருநூறு வருஷம் முன்னாடி நடந்த ஒரு பெரிய மண்சரிவால. அட்டைப் பூச்சி, வழுக்குப் பாறை இதையெல்லாம் சமாளிச்சிடலாம். ஓடைதான் சிக்கல். காலையில கணுக்கால் தண்ணியில தாண்டிப் போன ஓடை, மேல எங்கயோ பெய்ஞ்ச மழையில மதியம் இடுப்பளவுக்கு வந்து நிக்கும். 2015 மே மாசம் சதுரகிரி மலையில பக்தர்கள் உயிர் போனதும் இப்படி வந்த திடீர் வெள்ளத்துலதான். ஓடை பொங்கினா தாண்டாதீங்க. கரையிலயே காத்திருங்க. மலை ஓடை ஏறின வேகத்துலயே இறங்கும்.

அப்புறம் மூடுபனி. அஞ்சு நிமிஷத்துல வந்து மூடும். புல்வெளி மேடு எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கிறதால எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது. ஈரமும் காத்தும் சேர்ந்தா உடம்புச் சூடு வேகமா இறங்கும். கூட வர்றவன் திடீர்னு உளற ஆரம்பிச்சான்னா, கை நடுங்கி ஜிப்பைப் போட முடியலைன்னா கலாய்க்காதீங்க. ஈரத் துணியை மாத்தி, கம்பளி போர்த்தி, இனிப்பா ஏதாவது கொடுத்து, உடனே கீழ இறக்குங்க.

சரி, எப்படிப் போறது?

2024 அக்டோபர்ல ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டங்கள்ல 40 வழிகள். எளிது, நடுத்தரம், கடினம்னு மூணு தரம். இணையத்துல முன்பதிவு. கூட வர்ற கைடுகள் மலையைச் சேர்ந்த பழங்குடி, கிராம இளைஞர்கள். இதுக்காகவே பயிற்சி எடுத்தவங்க. கோலரிபெட்டாவும் முக்கூர்த்தி குடிலும் இந்தப் பட்டியல்ல இருக்கு. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கற கோஷ்டியா? கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டிக்குப் பக்கத்துல கெய்ர்ன் ஹில்னு எளிய வழிகள்ல இருந்து ஆரம்பிக்கலாம். தப்பே இல்லை. குரங்கணிப் பக்கமும் சாம்பலாறு வரைக்கும் ஒரு வழி திறந்திருக்காங்க.

கட்டணம் ஸ்டூடன்ட் பர்ஸுக்குக் கொஞ்சம் கனம்தான். மறைக்க வேண்டாம். கடினமான வழிகளுக்கு ஆயிரக்கணக்குல ஆகுது. மாணவர்களுக்குன்னு இன்னும் தாராளமா சலுகை கொடுத்தா, திருட்டுத்தனமா எஸ்டேட் வழியா நுழையற கூட்டம் குறையும்கறது என்னோட அபிப்பிராயம். ஆனா அந்தத் திருட்டு வழியில போனா உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க மேல இருக்கிற விஷயமே யாருக்கும் தெரியாது. எங்க தேடணும்னும் தெரியாது. பர்மிஷன் சீட்டுங்கறது அபராதத்துல இருந்து தப்பிக்க இல்லை. உங்க பேர் செக்போஸ்ட் நோட்டுல இருந்தாத்தான், சாயங்காலம் நீங்க வரலைன்னு ஒருத்தர் கவலைப்படுவார்.

பையில பெருசா ஒண்ணும் வேணாம். பழகின ஷூ (புதுசு போட்டுட்டு வந்து கொப்புளத்தோட அழாதீங்க), ரெயின்கோட், ஒரு செட் மாத்துத் துணி, டார்ச், ரெண்டு மூணு லிட்டர் தண்ணி, கடலை மிட்டாய், வீட்டுல கட்டின புளிசாதம். தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். காட்டெருமை எங்க நிக்குதுன்னு கைடு காதால கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். உங்க குத்துப்பாட்டு அவர் காதை அடைச்சுடும். சொந்த வண்டியில போறவங்க இ-பாஸ் எடுக்கணும். 2024 மே மாசம் வந்த முறை அது.

நடக்கும்போது வேகமா போறவனை முன்னாடி விடாதீங்க. மெதுவா நடக்கறவங்கதான் முன்னாடி. கடைசியில ஒரு தெம்பான ஆள். ‘இன்னும் கொஞ்சம்தான் சிகரம், போயிட்டு வந்துடலாம்ணே’ன்னு கைடுகிட்ட கெஞ்சாதீங்க. வானத்தைப் பார்த்துட்டு அவர் திரும்பலாம்னு சொன்னா திரும்பிடணும். நாள் முழுக்க நடந்து கால் சோர்ந்து, கவனம் சிதறி வழுக்கி விழறது இறங்கும்போதுதான் நிறைய நடக்குது. அதுக்கு வெளிச்சத்தையும் தெம்பையும் மிச்சம் வெக்கணும்.

பார்சன்ஸ் வேலி தாண்டினா போன்ல டவர் போயிடும். அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்கு இறங்குவோம்னு சொல்லிடுங்க. அம்மா எப்படியும் ‘ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?’ன்னு கேட்பாங்க. எடுக்காமலே எடுத்தேன்னு சொல்லிடாதீங்க. மேல காத்து நல்லாவே அடிக்கும்.